மருத்துவ ஆராய்ச்சியில் மேற்படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆராய்ச்சி முறைகள் பற்றிய வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஹவுஸ் சர்ஜன்கள், எம்.டி. முதலாண்டு மாணவர்கள், பி.பார்ம். முடித்தவர்கள், சில சமயம் மகளுக்காக விசாரிக்க வந்த அப்பாக்கள். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு படிக்க நினைப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது. சேர்க்கை விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. கிளினிக்கல் ஆராய்ச்சி, டிரான்ஸ்லேஷனல் ஆராய்ச்சி என்று சேர்த்தே சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். கிளினிக்கல் ஆராய்ச்சி மனிதர்களை வைத்து நடப்பது. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் முதலில் எடுத்துக்கொண்ட கேள்வியைப் பாருங்கள்: காசநோயாளியைச் சானடோரியம் என்னும் தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடு போட்டு வைத்தியம் செய்தே ஆக வேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா? 193 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கி ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு இடநெருக்கடி, குறைவான சாப்பாடு, ஓய்வும் குறைவு. இருந்தும் குணமடைந்தவர்கள் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் முடிவு வெளியானது. உலகெங்கும் காசநோய் வைத்தியம் சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. நம் ஊரில் சானடோரியம் இன்று பலருக்கு ஒரு ரயில் நிலையத்தின் பெயர் மட்டுமே.

டிரான்ஸ்லேஷனல் என்றால், ஆய்வகத்தில் கண்டது நோயாளிக்குக் கொடுக்கும் பொருளாகி, அரசுத் திட்டத்துக்குள் போய்ச் சேரும் வரையுள்ள முழுத் தூரம். ரோட்டாவாக் தடுப்பு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடம் ஒரு வகை ரோட்டா வைரஸ் தென்பட்டது. தொற்றியும் அவர்களுக்கு வயிற்றுப்போக்கு வரவில்லை. அந்த வைரஸை எம்.கே. பான் தலைமையிலான குழு விடாமல் பின்தொடர்ந்தது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2014-இல் வந்தது. 2016-இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். இதில் ஏதோ ஓர் இடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை செய்யத்தான் எந்த மேற்படிப்பும் உங்களைத் தயார் செய்யும்.

2. எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டேன். ஆராய்ச்சிக்குப் போக எந்தப் பட்டம் படிக்க வேண்டும்?

நோயாளியைப் பார்ப்பதை விட மனமில்லை என்றால், நீட் பி.ஜி. எழுதி உங்களுக்குப் பிடித்த துறையில் எம்.டி. அல்லது எம்.எஸ். படியுங்கள். ஆராய்ச்சி அதன் மேல் வரட்டும். நல்ல கேள்விகள் வார்டில்தான் கிடைக்கின்றன. சிறுநீரகத் துறையில் ஐந்தாண்டு வேலை செய்தவர் கேட்கும் கேள்வியை, வெறும் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவரால் கேட்க முடிவதில்லை என்பது என் கருத்து. இதை ஒப்புக்கொள்ளாத நண்பர்களும் எனக்கு உண்டு.

மருந்துச் சோதனைதான் விருப்பம் என்றால் எம்.டி. பார்மகாலஜி மூன்றாண்டு, அதன் பிறகு டி.எம். கிளினிக்கல் பார்மகாலஜி மூன்றாண்டு. சண்டிகர் பி.ஜி.ஐ., மும்பை கே.இ.எம். போன்ற இடங்களில் டி.எம். உண்டு. நோய் பரவும் விதம், அரசுத் திட்டங்களின் பலன் ஆகியவற்றில் நாட்டம் இருந்தால் எம்.டி. சமூக மருத்துவம். அல்லது சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் இரண்டாண்டுப் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு. அங்கே மாணவர்களை வகுப்பில் உட்கார வைப்பதைவிடக் களத்துக்கு அனுப்புவதே அதிகம். பி.எச்டி. இவற்றுக்கெல்லாம் பிறகு யோசிக்க வேண்டியது.

இன்னும் எம்.பி.பி.எஸ். படித்துக்கொண்டிருப்பவர்கள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாத வேலைதான். ஆராய்ச்சி உங்களுக்கு ஒத்துவருமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

3. நான் டாக்டர் இல்லை, மைக்ரோபயாலஜி படித்தவள். எனக்கு இதில் இடம் உண்டா?

தாராளமாக உண்டு. ஒரு மருந்துச் சோதனையில் மருத்துவர் ஒருவர் இருந்தால், அவரைச் சுற்றிப் புள்ளியியலாளர், தரவு மேலாளர், ஆய்வக வல்லுநர், ஒருங்கிணைப்பாளர், மருந்தாளர், களப்பணியாளர் என்று பலர் இருப்பார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எம்.எஸ்சி. உயிர்ப்புள்ளியியல் இருக்கிறது. கணக்கில் தெம்பு உள்ளவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன். நம் நாட்டில் மருத்துவம் புரிந்த புள்ளியியலாளர்களுக்குப் பெரும் பஞ்சம்.

பி.எச்டி. பக்கம் போவதென்றால் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) தகுதித் தேர்வு எழுதுங்கள். 2023 ஜனவரி முதல் அமலான விகிதப்படி ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆனால் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. சொந்தக் காசைப் போட்டு முழுநேர பி.எச்டி. செய்யாதீர்கள். உங்களுக்கு உதவித்தொகை தரப் பணம் இல்லாத ஆய்வகத்தில் ரசாயனம் வாங்கவும் பணம் இருக்காது.

4. 'ஆறு மாத டிப்ளமோ, நூறு சதவீத வேலை உறுதி' என்று விளம்பரம் வருகிறது. சேரலாமா?

பணத்தைக் கட்டும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். இந்தப் பட்டயத்தைத் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? மாணவர்களை எந்த மருத்துவமனையின் எந்த ஆய்வில் பயிற்சிக்கு அனுப்புகிறீர்கள்? போன ஆண்டு படித்த இருவரோடு பேச முடியுமா? மூன்றாவது கேள்விக்கு இழுத்தடித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நற்கிளினிக்கல் நடைமுறை என்னும் ஜி.சி.பி. சான்றிதழை இணையத்திலேயே சில மணி நேரத்தில், பல இடங்களில் இலவசமாகப் பெறலாம். அதையே பெரிய பாடத்திட்டம்போலக் காட்டி லட்சக்கணக்கில் வாங்கும் இடங்கள் இருக்கின்றன. எல்லா டிப்ளமோவும் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் குறைந்த சம்பளத்துக்கு ஆறு மாதம் வேலை செய்தவரைத்தான், டிப்ளமோ மட்டும் வைத்திருப்பவரைவிட விரும்பி எடுப்பார்கள்.

5. 'ஒருங்கிணைப்பாளர் வேலை' என்றால் நாள் முழுக்க என்ன செய்வார்கள்?

காகிதத்தோடு மல்லுக்கட்டுவார்கள். நான் கேலியாகச் சொல்லவில்லை. காலையில் வந்ததும் மருந்து வைத்திருக்கும் குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். இரவில் மின்சாரம் போயிருந்தால், எவ்வளவு நேரம், எத்தனை டிகிரி ஏறியது, எந்த மருந்துக் குப்பிகளை ஒதுக்கி வைத்தோம் என்று எழுத வேண்டும். அன்று வர வேண்டிய பங்கேற்பாளர் வரவில்லை என்றால் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். அவர் திருவண்ணாமலையில் உறவினர் திருமணத்தில் இருப்பார்.

பதிவேட்டில் தவறு நேர்ந்தால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசவும் கூடாது. பழைய எண் படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான எண், கையொப்பம், தேதி. பங்கேற்பாளர் ஒருவர் இறந்தாலோ, மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆனாலோ, ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் உரிய இடங்களுக்கெல்லாம் தெரிவிக்க வேண்டும். அந்த 24 மணி நேரம் ஞாயிற்றுக்கிழமைக்காக நிற்காது. இந்த ஒழுங்கு எரிச்சலூட்டுகிறது என்றால் இந்த வேலை உங்களுக்கு வேண்டாம்.

6. எனக்குக் கணக்கு வராது. புள்ளியியல் இல்லாமல் முடியாதா?

முடியாது. ஆனால் சூத்திரங்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு புள்ளியியலாளரிடம் சரியான கேள்வியைக் கேட்கவும், அவர் சொல்லும் பதிலைப் புரிந்துகொள்ளவும் தெரிந்தால் போதும். எம்.டி., எம்.எஸ். மாணவர்கள் எப்படியும் ஆராய்ச்சி முறைப் பாடம் ஒன்றை முடித்தாக வேண்டும். இரண்டாம் கேள்வியில் சொன்ன அயப்பாக்கம் நிறுவனம்தான் அதை இணையவழியில் நடத்துகிறது. வீடியோவை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்காதீர்கள். உண்மையிலேயே நல்ல பாடம்.

7. ஆய்வேட்டுக்கு 60 நோயாளிகள் போதும்தானே? எங்கள் துறையில் எல்லோரும் 60-தான் எடுக்கிறார்கள்.

இந்தக் கேள்வி வராத ஆண்டே இல்லை. அந்த 60 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 'சீனியர் எடுத்தார்' என்பார்கள். சீனியரைக் கேட்டால் அவருடைய சீனியர். ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம்.

அறுவை சிகிச்சைக்குப் பின் காயத்தில் சீழ் பிடிப்பது உங்கள் வார்டில் இப்போது 30 சதவீதம் என்று வையுங்கள். புதிய முறையில் அதை 20 சதவீதமாகக் குறைக்கலாம் என்பது உங்கள் நம்பிக்கை. வித்தியாசம் உண்மையாகவே இருந்தால் அதைக் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்பு வேண்டும். இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் உரிய எண்கள் 0.84, 1.96. கூட்டினால் 2.8, அதன் வர்க்கம் 7.84. அடுத்து 0.30 × 0.70 = 0.21, 0.20 × 0.80 = 0.16, கூட்டினால் 0.37. வித்தியாசம் 0.10, அதன் வர்க்கம் 0.01. ஆக 7.84 × 0.37 ÷ 0.01 = 290. இது ஒரு பிரிவுக்கு மட்டும். இரண்டு பிரிவுக்கும் 580. பத்தில் ஒருவர் பாதியில் நின்றுபோவார் என்று வைத்தால் 640-ஐத் தாண்டும்.

பிரிவுக்கு 30 பேர் என்று 60 பேரை மட்டும் வைத்துக்கொண்டால், சீழ் பிடிப்பது 30 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 4 சதவீதத்துக்கு இறங்கினால்தான் உங்கள் ஆய்வு அதை நம்பகமாகக் காட்டும். அப்படியோர் அற்புதம் உங்கள் கையில் இருந்தால் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்க மாட்டீர்கள். இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஆம், இல்லை என்று இரண்டே பதில் வரும் விளைவுக்குப் பதிலாக, இரத்த அழுத்தம், வலியின் அளவு போல அளந்து சொல்லக்கூடிய விளைவை எடுத்தால் எண்ணிக்கை குறையும். அல்லது ஒப்பீட்டை விட்டுவிட்டு ஒரு நோயின் போக்கை ஒழுங்காக விவரிக்கலாம். துறையில் நடக்கும் பெரிய ஆய்வொன்றின் ஒரு பகுதியை வாங்கிக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது.

8. நெறிமுறைக் குழு ஏன் இவ்வளவு இழுக்கிறது? அங்கே டாக்டர் அல்லாதவர்களுக்கு என்ன வேலை?

மனிதர்களிடம் நடக்கும் ஆய்வுக்கு ஒப்புதல் தரும் குழு இது. டாக்டர் அல்லாதவர்கள் வேண்டுமென்றே அங்கே அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் சோதனைகள் விதிகளின்படி, குழுவில் குறைந்தது ஏழு பேர் வேண்டும். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும், தலைவரும் வெளியாளே. சட்டம் தெரிந்த ஒருவர், சாதாரணக் குடிமகன் ஒருவர், பெண் ஒருவர் கட்டாயம். பேராசிரியர்கள் தலையாட்டிவிட்டுப் போகும் விண்ணப்பத்தில், 'இதற்கு மூன்று முறை கூடுதலாக வந்துபோக வேண்டுமே, பஸ் செலவை யார் தருவார்கள்?' என்று கேட்பவர் பெரும்பாலும் அந்தச் சாதாரணக் குடிமகன்தான்.

தாமதத்துக்குப் பாதிக் காரணம் நாம். நோயாளிக்கான தமிழ் ஒப்புதல் படிவத்தை மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டு எடுத்து அப்படியே இணைக்கிறார்கள். கூடுதல் இரத்தப் பரிசோதனைக்கு யார் பணம் கட்டுவது என்று எழுதுவதில்லை. இந்த இரண்டையும் சரிசெய்தாலே ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து மிச்சம்.

9. ஏற்கெனவே கடையில் விற்கும் மருந்தை வேறொரு நோய்க்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறேன். டெல்லியின் (மத்திய மருந்து அதிகாரியின்) அனுமதி வேண்டுமா?

அதே 2019 விதிகளில் கல்விசார் சோதனைக்கு ஒரு சலுகை உண்டு. மருந்து ஏற்கெனவே அனுமதி பெற்றதாக இருந்து, புதிய நோய்க்கோ புதிய அளவிலோ புதிய வழியிலோ கொடுத்துப் பார்ப்பதாக இருந்தால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் போதும். முடிவை விற்பனை உரிமம் கேட்கவோ விளம்பரத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. இது சலுகைக்குள் வருமா என்று குழுவுக்கு ஐயம் வந்தால் மத்திய மருந்து அதிகாரியிடம் தெரிவிக்கும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தனி அனுமதி தேவையில்லை என்று கொள்ளலாம்.

மாத்திரையை ஒரு நிறுவனம் இலவசமாகத் தருகிறது என்றால் நின்று யோசியுங்கள். யாருக்காக இந்த ஆய்வு என்று குழு கேட்கும். நீங்களே முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

10. சி.டி.ஆர்.ஐ. என்னும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவைப் பிறகு செய்துகொள்ளலாமா?

கூடாது. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்த ஆய்வுகளைத்தான் ஏற்கிறார்கள். பதிவு இலவசம். திருத்தங்கள் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள் என்பதால் சில வாரங்கள் முன்னதாகவே தொடங்குங்கள்.

11. படிக்கத் தெரியாத நோயாளி, 'நீங்கள் சொன்னால் சரிதான் டாக்டர்' என்கிறார். ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்கினால் போதாதா?

கைநாட்டு மட்டும் போதாது. ஆய்வோடு சம்பந்தமில்லாத நடுநிலைச் சாட்சி ஒருவர், விளக்கம் தொடங்குவது முதல் கையொப்பம் வரை கூடவே இருந்து, அவரும் கையெழுத்திட வேண்டும். வெளியே போய்க்கொண்டிருந்த செவிலியரைக் கடைசி நிமிடத்தில் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது சாட்சியாகாது. இதுவரை அனுமதி பெறாத புதிய மூலக்கூறு ஒன்றை, எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் உள்ளவர்களிடம் சோதிக்கும்போது ஒப்புதல் பெறுவதை ஒலி-ஒளிப்பதிவும் செய்ய வேண்டும்.

'நீங்கள் சொன்னால் சரிதான்' என்பது மரியாதை, ஒப்புதல் ஆகாது. அவர் உங்களை நம்பி வந்தவர். மறுத்தால் வைத்தியம் கிடைக்காது என்று உள்ளுக்குள் பயந்திருக்கவும் கூடும். நான் செய்வது இது: சொல்லி முடித்ததும், 'வீட்டுக்குப் போய் உங்கள் மகனிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேட்பேன். 'புது ஊசி போடுகிறார்கள், நல்லா ஆகிவிடும் என்பேன்' என்று பதில் வந்தால், முதலிலிருந்து மறுபடி விளக்கம். வேண்டாம் என்றாலும் இதே படுக்கை, இதே மருந்து உண்டு என்பதை இரண்டு முறை சொல்லுங்கள்.

12. வெளிநாட்டில் படித்தால்தான் மதிப்பா?

பிரிட்டனில் எம்.எஸ்சி. ஓராண்டு, அமெரிக்காவில் இந்தத் துறைக்கென்றே தனி முதுநிலைப் பட்டங்கள் உண்டு. உதவித்தொகை கிடைத்தால் போய் வாருங்கள். கடன் வாங்கிப் போவதைப் பரிந்துரைக்க மாட்டேன். வேலையை விடாமல் படிக்க விரும்புவோருக்கு, லண்டன் சுகாதார மற்றும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் கிளினிக்கல் சோதனைகள் எம்.எஸ்சி. தொலைநிலையில் இருக்கிறது. எம்.டி. முடித்து இங்கேயே தங்க நினைக்கும் மருத்துவர்கள், இந்தியா அலையன்ஸ் அமைப்பு மருத்துவர்களுக்கென்று தரும் ஃபெலோஷிப்புகளைப் பாருங்கள். போட்டி கடுமை. ஆனால் ஆய்வுக்கான பணமும் உங்கள் சம்பளமும் சேர்ந்தே வரும்.

13. வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எந்தப் படிப்பு, எந்த ஊர் என்பதைவிட இதற்குத்தான் அதிக நேரம் செலவிடுங்கள். மாணவர்கள் பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்கிச் சேர்ந்துவிட்டு, மூன்று ஆண்டுகள் யாரோடு இருக்கப்போகிறோம் என்பதைக் கடைசியில் பார்க்கிறார்கள். அவருடைய கடைசி ஐந்து கட்டுரைகளை எடுத்துப் படியுங்கள். முதல் பெயராக மாணவர்கள் இருக்கிறார்களா? ஒரே விஷயத்தைப் பல ஆண்டுகளாகத் தோண்டுகிறாரா, ஆளுக்கொரு தலைப்பைக் கொடுத்து அனுப்பிவிடுகிறாரா? பிறகு அவரிடம் இப்போது படிக்கும் மாணவரைக் கேன்டீனில் சந்தித்து, 'ஒரு வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார்?' என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும் முன் வருகிற பெருமூச்சிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

எம்.டி. சேர்க்கையில் வழிகாட்டியைப் பெரும்பாலும் துறைதான் ஒதுக்கும். அப்போதும் இணை வழிகாட்டியைக் கேட்டு வாங்கலாம். ஏழாம் கேள்வியில் போட்ட கணக்கைச் சரிபார்க்கக்கூடிய ஒருவரை அந்த இடத்தில் வையுங்கள்.

14. முடிவு எதிர்பார்த்தபடி வரவில்லை என்றால் ஆய்வேட்டை நிராகரிப்பார்களா?

மாட்டார்கள், கேள்வியும் முறையும் சரியாக இருந்தால். 2020-இல் கொரோனாவுக்கு பிளாஸ்மா கொடுக்கச் சொல்லி நாடே அலைந்த நேரத்தில், ஐ.சி.எம்.ஆர். 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் சோதனை நடத்தியது. நோய் முற்றுவதையோ இறப்பையோ பிளாஸ்மா குறைக்கவில்லை என்பதே முடிவு. இருந்தும் இரண்டாம் அலையில் பிளாஸ்மாவுக்கு அலைந்தவர்களை மறக்க முடியாது. 2021 மே மாதம் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்தே அதை நீக்கினார்கள். 'பலனில்லை' என்ற முடிவால் எத்தனை குடும்பங்களின் ஓட்டம் மிச்சமாகியிருக்கும்!

நடுவில் மாத்திரையை நிறுத்தியவர்களைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டால் முடிவு அழகாகிறது என்று ஒரு மாணவர் கேட்டார். அழகாகத்தான் ஆகும், ஏனென்றால் பக்கவிளைவு தாங்காதவர்கள்தான் முதலில் நிறுத்துவார்கள். யாரை எந்தப் பிரிவில் சேர்த்தீர்களோ அந்தப் பிரிவிலேயே வைத்துக் கணக்கிடுங்கள். முதன்மையாக அளப்பதாகச் சொன்ன விளைவையும் கடைசி நேரத்தில் மாற்றாதீர்கள். பத்தாம் கேள்வியில் சொன்ன பதிவில் நீங்கள் முன்பு எழுதியது யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது.

15. கட்டுரையில் துறைத் தலைவரின் பெயரையும் போடச் சொல்கிறார்கள். அவர் ஒன்றும் செய்யவில்லையே?

மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், வெளியானதற்குப் பொறுப்பேற்பு. நான்கும் இருந்தால்தான் ஆசிரியர், இல்லாவிட்டால் நன்றியுரையில் பெயர். நடைமுறை இப்படி இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதலாண்டு மாணவர் துறைத் தலைவரோடு சண்டைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை.

வரைவை அவருக்கு அனுப்பி, 'ஐயா, தங்கள் திருத்தங்களை எதிர்பார்க்கிறேன்' என்று கேளுங்கள். திருத்தித் தந்தால் ஒரு நிபந்தனையாவது நிறைவேறிவிடும். பெயர்களின் வரிசையை, முடிவு கைக்கு வரும் முன், ஆய்வு தொடங்கும்போதே பேசி, பேசியதை வழிகாட்டிக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். இரண்டாண்டு கழித்து யாராவது மாற்றச் சொன்னால் அந்த மின்னஞ்சலை மறுபடி அனுப்பலாம்.